தூங்காத மரம்

அத்தியாயம் ஐந்து

"இந்த மரத்துக்கு என்ன குறை? நல்லாத்தானே இருக்கு?" என்றான் சாவி.

"அதுதான் குறை," என்றார் வக்கீலம்மா.

மேசைமேல் ஒரு நீலத் தட்டு. தட்டுக்குள் ஒரு மரம். முழங்கை உயரம்கூட இருக்காது. ஆனால் வயசான தண்டு, மண்ணைப் பிடித்த வேர், நாலா பக்கமும் விரிந்த கிளை என்று பெரிய மரத்துக்குரிய சகல லட்சணங்களோடும் கம்பீரமாக நின்றது. மேப்பிள் ஜாதி போன்சாய். கைக்குழந்தையின் உள்ளங்கை மாதிரி குட்டிக் குட்டி இலைகள், பச்சைப் பசேலென்று. ஜன்னலுக்கு வெளியே தெருவோர மரங்களோ குளிரில் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன.

வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. கேஸ் நடத்துவதை விடக் கேஸ் கண்டுபிடிப்பதில் ருசி அதிகம் என்று கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் துப்பறிய இறங்கியவர். பேர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருடைய உதவியாளன் சாவி, முன்னாள் பூட்டுக்காரன். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவான், வாயை மட்டும் பூட்டத் தெரியாது. இன்னொரு விஷயமும் உண்டு. மூடிய அறை என்றால் அவனுக்கு உயிரே போய்விடும். லிஃப்டில் ஏற மாட்டான். எத்தனை மாடியானாலும் படியேறி, மேலே வந்து நாக்குத் தள்ள நிற்பான். அந்தப் பயத்தில்தான் பூட்டுத் தொழிலே கற்றுக்கொண்டான் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

எதிரே கேஸ் கொண்டுவந்த கட்சிக்காரப் பெண். பேக்கரி வேன் ஓட்டுகிறவள். சட்டையில் இன்னும் மாவு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் வக்கீலம்மா.

"அக்கா போன்சாய் வளர்க்கறவ. அவ வெச்ச மரங்களை மாமா, அதான் அக்கா புருஷன், ஹோட்டலுக்கும் ஆபீசுக்கும் கொடுத்து நல்லா சம்பாதிச்சார். அவர் உள்அலங்காரம் பண்றவர். ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. மரங்களை எடுத்துட்டு என்கிட்டயே வந்துடறேன்னு அக்கா சொல்லிட்டு இருந்தா. மரமெல்லாம் துளிர் விடற சமயம் அது. அப்புறம் ஆளையே காணோம். மரம் வளர்க்கறதைப் பத்திப் படிக்க வெளிநாடு போயிட்டான்னார் மாமா. அவ நம்பர்லேர்ந்து மெசேஜ் வருது, ஆனா குரல் வரல. ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா, அதான் மெசேஜ் வருதேம்மா, அப்புறம் என்னங்கறாங்க."

"இந்த மரம்?"

"நான் நச்சரிக்கறது தாங்காம மாமாவே கொண்டுவந்து கொடுத்தார். கிளம்பும்போதே எனக்கு ஒண்ணு கொடுக்கச் சொல்லிட்டுப் போனாளாம். இத்தனை நாளும் தோட்டத்துல மத்த மரங்களோட இருந்துச்சாம்."

"உங்க அக்கா இந்த ஜாதியைக் குளிர்காலத்துல எங்கே வைப்பாங்க?"

"வெளியேதான். குளிர் படணும்னு சொல்லுவா. இலை சிவந்து, கொட்டி, மொட்டையா நின்னு, அது தூங்கணும். தூங்காத மரம் நாள்பட நிக்காது, வீட்டுக்குள்ள வெச்சுக் கெடுத்துடாதடின்னு என்னைத் திட்டியிருக்கா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். பச்சை இலைகளை இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவள்போல் பார்த்தாள்.

"தோட்டத்துல இருந்திருந்தா இது இப்போ மொட்டையா இருக்கணும்," என்றார் வக்கீலம்மா. ஒரு கிளையை மெல்ல உயர்த்தினார். பட்டையில் சுருள் சுருளாக லேசான தடம். "கிளையை வளைக்கக் கம்பி சுத்தியிருக்காங்க. அது பட்டையைக் கடிக்கறதுக்குள்ள எடுத்தும் இருக்காங்க. எப்படி எடுக்கணும்?"

"துண்டு துண்டா வெட்டித்தான். பிரிச்சு எடுத்தா கிளை ஒடிஞ்சுடும்பா அக்கா."

வக்கீலம்மா வேரடியிலிருந்து கம்பித் துணுக்கு ஒன்றைப் பொறுக்கிக் காட்டினார். இரண்டு முனையும் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. "நுனி கிள்ளினதும் புதுசு. ஆக, எல்லாம் தெரிஞ்ச கை. ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்யல. மரத்தை வெளியே வைக்கல. ஏன்?"

"சோம்பேறித்தனமா இருக்கும்," என்றான் சாவி.

"அந்தக் கையால வெளியே வர முடியல, சாவி."

தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா எங்கோ தூரத்தில் தன்னை மறந்துவிட்டு இருக்கிறாள் என்று இத்தனை மாதமும் கோபத்தில் இருந்தவள் அவள். இரண்டு தெரு தள்ளி, தான் தினமும் வேனில் கடந்து போகிற வீட்டுக்குள்ளேயே அக்கா அடைபட்டுக் கிடக்கிறாள் என்றால் அந்த மனசு என்ன பாடு படும்!

"அப்புறம் எதுக்கு இதையே தூக்கிக் கொடுத்தார்?" என்று கேட்டான் சாவி.

"தோட்டத்துல இருக்கறதெல்லாம் மொட்டை. மொட்டை மரத்தைக் கொடுத்தா, செத்த மரத்தைக் கொடுத்துட்டீங்களேன்னு இவங்க சண்டைக்கு வருவாங்க. அதனால பச்சையா இருக்கறதாப் பார்த்துக் கொடுத்திருக்கார். மரத்தைப் பத்தி ஒரு எழவும் தெரியாத ஆள் பண்ற தப்பு." வக்கீலம்மா எழுந்து தங்கையின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"எனக்குச் சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா நீ உன் முகத்துல எழுதி ஒட்டிக்குவ. கிளம்பு, மரம் வாங்கப் போறோம்."

அந்த மாமாவின் வீட்டைச் சுற்றி உயரமான மதில். ஒரே ஒரு இரும்புக் கேட். வீட்டுக்குள் நுழைந்ததும் சாவிக்கு மூச்சு முட்டியது. திரைச்சீலை, தரைவிரிப்பு, நாற்காலி உறை எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வீட்டுக்காரரின் சட்டைகூட அதே நிறம்தான். அவருடைய சிரிப்பு மட்டும் நல்ல வெள்ளை.

"போனையும் பையையும் இப்படி வெச்சுடுங்க. மரங்களைப் போட்டோ எடுக்க நான் யாரையும் விடறதில்லை," என்று ஒரு மரப்பெட்டியை நீட்டினார்.

வக்கீலம்மா மறுபேச்சில்லாமல் போனைக் கொடுத்தார். சாவி தன் கருவிப் பையைப் பெற்ற பிள்ளையைப் பிரிவதுபோல் கொடுத்தான்.

பின்பக்கத் தோட்டத்தில் தட்டுத் தட்டாகப் பலகை அடித்து மரங்கள். ஒன்றில்கூட இலை இல்லை.

"இது மரமா, விறகா?" என்று முணுமுணுத்தான் சாவி.

"நல்லாப் பாரு," என்றார் வக்கீலம்மா. "இலை இருக்கும்போது எல்லா மரமும் அழகுதான். இலை உதிர்ந்தப்புறம்தான் வளர்த்தவங்க கை தெரியும்."

சாவி பார்த்தான். கிளை பிரிந்து, அது மறுபடி பிரிந்து, முனையில் பேனாவால் கிழித்த கோடு அளவுக்கு மெலிந்து நின்றது. ஒன்றின்மேல் ஒன்று உரசவில்லை. ஒவ்வொரு குச்சிக்கும் ஆகாயத்தில் தனித்தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். இப்படிப் பொறுமையாக இடம் ஒதுக்கத் தெரிந்த ஒருத்தியை அடைத்து வைத்திருக்கிறார்களே என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

"எல்லாத்தையும் நீங்களேவா பார்த்துக்கறீங்க?" என்று அப்பாவியாகக் கேட்டார் வக்கீலம்மா.

"நானேதான். மனைவி ஊர்ல இல்லை."

"தொட்டி எப்போ மாத்துவீங்க?"

"மாசா மாசம்," என்றார் அவர் பெருமையாக.

எந்தப் போன்சாயும் மாதத்துக்கு ஒரு தரம் வேரைப் பிடுங்கினால் பரலோகம்தான் போகும் என்பது இப்போது சாவிக்கே தெரியும். வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். வக்கீலம்மாவோ பெரிய ரகசியம் கிடைத்ததுபோல் தலையாட்டினார்.

"இந்தக் கிளையில வெட்டின காயம் புதுசா இருக்கே. மேல பூசின பசைகூட இன்னும் காயல. நீங்க வெட்டினதா?"

"ஆமா... காலைலதான்."

வீட்டுக்காரரின் நகங்கள் பளபளவென்று இருந்தன. மண் என்பதையே அந்த விரல்கள் பார்த்ததாகத் தெரியவில்லை.

"எல்லாம் பிரமாதம். ஆனா எனக்கு இலையோட வேணும்," என்றார் வக்கீலம்மா. "நீலத் தட்டுல ஒரு மேப்பிள் பார்த்தேன். இந்தக் குளிர்லயும் பச்சையா இருந்துச்சு."

வெள்ளைச் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "எங்கே பார்த்தீங்க?"

"ஒரு பேக்கரி வேன்ல."

சாவி திடுக்கிட்டு வக்கீலம்மாவைப் பார்த்தான். கையில் இருந்த சீட்டை எல்லாம் இப்படியா விரித்துக் காட்டுவார்கள்? வீட்டுக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டு, "அந்த மாதிரி மேல இருக்கு, வாங்க," என்றார்.

மாடிப்படி. நீளமான நடை. கடைசியில் கனத்த ஒரு கதவு. வீட்டுக்காரர் மரியாதையாகத் திறந்து ஒதுங்கி நின்றார். வக்கீலம்மா உள்ளே போனார். சாவி காலை வைக்கும்போதுதான் கவனித்தான். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. மரம் வைக்கிற அறைக்கு எதற்கு இத்தனை தடிமனான தாழ்ப்பாள் என்று அவன் மூளை கேட்டு முடிப்பதற்குள் முதுகில் ஒரு தள்ளு. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு க்ளிக்கென்றது.

சாவி கதவின்மேல் பாய்ந்தான். உள்பக்கம் சாவித் துவாரம் இல்லை, கைப்பிடி இல்லை. வழவழவென்று ஒரே பலகை. உலகத்திலுள்ள பூட்டையெல்லாம் திறக்கத் தெரிந்தவனுக்கு, துவாரமே இல்லாத கதவிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. வியர்த்துக் கொட்டியது. கூரையில் எட்டாத உயரத்தில் ஒரு கண்ணாடிச் சதுரம். சுவரின் மேல் மூலையில் கையளவு காற்றுத் துளை, அதிலும் துணி அடைத்திருந்தது. நாலு சுவரும் கிட்டக் கிட்ட நகர்ந்து வருவதுபோல் அவனுக்குத் தோன்றியது.

"மரம் என் தங்கச்சிகிட்ட போய்ச் சேர்ந்துடுச்சா?"

சாவி துள்ளித் திரும்பினான். மூலையில் கட்டிலின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெயில் படாத முகம். விரல் நுனியெல்லாம் மண். பக்கத்தில் வெட்டி முடித்த ஒரு மொட்டை மரம்.

"சேர்ந்துடுச்சும்மா," என்றார் வக்கீலம்மா. இத்தனை வருஷத்தில் அவர் குரல் இப்படித் தழுதழுத்து சாவி கேட்டதில்லை. "அந்த மரம்தான் எங்களை இங்கே அனுப்பிச்சுது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அழவில்லை. பிறகு, "நீங்களும் மாட்டிக்கிட்டீங்களே," என்றாள்.

"மாட்டிக்கத்தானே வந்தோம்!" என்று சாவி வெடித்தான். "வக்கீலம்மா, பேக்கரி வேனைப் பத்தி அந்த ஆள்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"இவ்வளவு பெரிய வீட்டுல இந்த அறையைத் தேட ஆரம்பிச்சா, நாம கண்டுபிடிக்கறதுக்குள்ள இவங்களை வேற இடத்துக்கு மாத்தியிருப்பார். இப்போ அவரே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டார், பாரு."

"கூட்டிட்டு வந்தார், சரி. யார் கூட்டிட்டுப் போவாங்க?"

வக்கீலம்மா போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவர் மட்டும் மரத்தைப் பத்தித் தெரிஞ்ச ஆளா இருந்திருந்தா அந்த மரம் வெளியே வந்திருக்காது. அவர் தப்புப் பண்ணப்போய் நமக்கு வழி கிடைச்சுது."

"தப்புப் பண்ணினது அவர்தான்," என்றாள் அக்கா. "பண்ண வெச்சது நான்."

வக்கீலம்மா நிமிர்ந்து பார்த்தார். அவருக்கே தெரியாத விஷயம் ஒன்றை அவர் எதிரில் ஒருவர் சொல்வது அபூர்வம்.

"நான் போயிட்டா மரமெல்லாம் போயிடும், அவர் தொழிலும் போயிடும். அதனாலதான் அடைச்சு வெச்சார். ஒவ்வொரு மரமாக் கொண்டுவருவார், வெட்டிக் கொடுப்பேன், எடுத்துட்டுப் போவார். துணைக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும்னு கேட்டு அந்த மேப்பிளை வாங்கிக்கிட்டேன். அதுதான் எனக்குக் காலண்டர். துளிர் விட்டுச்சு, இலை விரிஞ்சுது, இலை முத்துச்சு. குளிர் ஆரம்பிச்சதும் அந்தத் துளை வழியாக் காத்து வந்து நுனியில ஒரு இலை சிவந்துச்சு. அப்போதான் தோணிச்சு."

"துளையை அடைச்சீங்க," என்றார் வக்கீலம்மா மெதுவாக.

"அடைச்சேன். ராப்பகலா விளக்கை அது மேலேயே எரிய விட்டேன். நானும் தூங்கல, அதையும் தூங்க விடல. வெளியே எல்லாம் மொட்டையாகிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன். தங்கச்சி நச்சரிக்கறான்னு அவர் புலம்பினப்போ, ஒரு மரத்தைக் கொடுத்தனுப்புங்க, வாயை மூடிக்குவான்னு நான்தான் சொன்னேன். எந்த மரம்னு சொல்லல. சொன்னா சந்தேகம் வரும். அவருக்கு இலை இல்லாத மரம்னா செத்த மரம். எதை எடுப்பார்னு எனக்குத் தெரியும்." மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கன்னா இருந்ததிலேர்ந்து நான் வளர்த்தது. அதுக்குக் கெடுதல்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்."

தன் ஆசை மரத்தையே பணயம் வைத்து, ஒவ்வொரு இலையாகக் காவல் காத்து, ஒரு வார்த்தைகூட எழுதாமல் சேதி அனுப்பியிருக்கிறாள். சாவிக்குத் தன் பயத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"நம்ம போனையெல்லாம் தூரமா எங்கேயாவது கொண்டுபோய்ப் போடப் போறார். தேடறவங்க அங்கே தேடட்டும்னு," என்றார் வக்கீலம்மா. "சாவி, இப்போ உன் வேலை."

"துவாரமே இல்லாத கதவுல நான் என்ன..." என்றவன் நின்றான். கதவு உள்பக்கமாகத் திறந்த கதவு. அப்படியென்றால் கீல்கள் உள்ளே இருக்கும். பயத்தில் இத்தனை நேரம் அவன் கதவின் தப்பான பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறான்!

ஓடிப்போய்த் தடவினான். மூன்று பழைய இரும்புக் கீல்கள். துரு ஏறியிருக்கும் என்று நினைத்தவனின் விரல் வழுக்கியது. மோந்து பார்த்தான். எண்ணெய்.

"கிளை வெட்டற கத்தரிக்குப் போடற எண்ணெய்," என்றாள் அக்கா. "வந்த நாள்லேர்ந்து தினமும் ஒரு சொட்டு விடறேன். ஆணி அசையுது. கீழேர்ந்து தட்டினா வந்துடும். தட்டக் கல் இருக்கு, வெச்சுத் தட்ட இரும்பு இல்லை. கத்தரியை வேலை முடிஞ்ச கையோட வாங்கிட்டுப் போயிடுவார். இந்தக் கம்பி தட்டினா வளையுது."

சாவி உட்கார்ந்து வலது கால் காலுறையை உருட்டினான். உள்ளேயிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவர் வந்தது.

"காலுறைக்குள்ளயா?" என்றார் வக்கீலம்மா.

"பையைக் கேட்டார், கொடுத்தேன். காலுறையைக் கேட்கலையே!"

அக்கா தொட்டி மண்ணிலிருந்து கல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சாவி தட்டினான். மாதக்கணக்கில் ஊறிய ஆணி, அடம்பிடிக்காமல் மேலே வந்தது. கை வேலையில் இறங்கியதும் அவன் மூச்சு ஒழுங்காகிவிட்டது. சுவர்களும் தத்தம் இடத்துக்குத் திரும்பிப் போயிருந்தன. மூன்றாவது ஆணி கழன்று விழுந்த நேரத்தில், வெளியே ஒரு ஹார்ன் விடாமல் அலறத் தொடங்கியது.

அக்கா விருட்டென்று எழுந்தாள். "அது அவ ஹார்ன்!"

"இதைத்தான் அவங்க காதுல சொன்னேன்," என்றார் வக்கீலம்மா. "நாங்க உள்ளே போனப்புறம் அவர் மட்டும் தனியா வெளியே வந்தா, வேனைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திட்டு போலீஸைக் கூப்பிடுங்கன்னு."

கீல் பக்கமாகக் கதவை நெம்பி உள்ளே இழுத்துவிட்டு மூவரும் இறங்கி வந்தபோது, வாசலிலிருந்தே காட்சி தெளிவாகத் தெரிந்தது. உயரமான மதில், ஒரே கேட், கேட்டை அடைத்துக்கொண்டு ரொட்டி வேன். காருக்குள் வீட்டுக்காரர் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துக் கதவுகளெல்லாம் திறந்துவிட்டன. சற்று நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. "உங்க சிஸ்டர்கிட்டேர்ந்துதான் மெசேஜ் வருதேம்மா" என்று முன்பு சிரித்த அதே அதிகாரி, அக்காவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தங்கை வேனிலிருந்து நீலத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா! வாக்கா, வெளியே வா!"

அக்காவால் முடியவில்லை. வாசற்படிக்கு உள்ளே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். வெளியே வெளிச்சம், ஆட்கள், குளிர்காற்று. அவள் கால் முன்னே வரவில்லை. தங்கை பதறிப்போய் அவளை இழுக்கக் கையை நீட்டினாள்.

"அதை வெளியே வைக்காதடி," என்றாள் அக்கா, மரத்தைப் பார்த்து. "இத்தனை நாள் உள்ளே இருந்தது, சட்டுனு குளிர்ல வெச்சா தாங்காது. முதல்ல வாசப்படி. அப்புறம் தாழ்வாரம். அப்புறம்தான் தோட்டம். கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கினா இலையை விட்டுடும், தூங்கிடும். பிழைச்சாலும் பிழைச்சுடும்."

தட்டை வாங்கி வாசற்படிமேல் வைத்தாள். பிறகு தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கால் மட்டும் வெளியே இருந்தது. தங்கை அவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அக்கா அழுதாள்.

காற்று அடித்தது. ஒரு இலை ஆடியது. முதுகுக்குப் பின்னால் அந்தப் பெரிய வாசற்கதவு மெல்லச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. சாவி ஒரே தாவலில் போய் அதன் குறுக்கே காலை வைத்தான். அவர்கள் இருவரும் எழுந்திருக்கும் வரை எடுக்கவில்லை.